தலைக்கணக்கும் மரபுக்கணக்கும்: புட்டிக்கழுத்தைக் கடந்த உயிரினங்களின் மீட்சி

1892-ஆம் ஆண்டு, மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப் தீவின் கரையில், ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகச் சென்ற குழு எட்டு யானைச் சீல்களைக் கண்டது. கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுப்பதற்காக வேட்டையாடப்பட்டு, அடியோடு அற்றுப்போனதாகவே அதற்குள் கருதப்பட்டுவிட்ட விலங்கு அது. குழுவினர் எட்டில் ஏழைக் கொன்று மாதிரிகளாக எடுத்துச் சென்றனர். எப்படியும் அழியப்போவது அருங்காட்சியகத்திலாவது இருக்கட்டும் என்பது அன்றைய இயற்கையியலாளர் பலரின் நியாயம். அந்த நேரத்தில் கடலுக்குள் இருந்த சில சீல்களால்தான் இனம் பிழைத்தது. 1922-இல் மெக்சிகோ அரசு அதற்குப் பாதுகாப்பு அளித்தது. இன்று கலிஃபோர்னியக் கடற்கரையிலும் அதற்குத் தெற்கிலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் வடக்கு யானைச் சீல்கள் உள்ளன.

1974-இல் மைக்கேல் பொன்னெல், ராபர்ட் செலாண்டர் ஆகிய இருவரும் 159 சீல்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில் 24 மரபணு இடங்களுக்குரிய புரதங்களைச் சோதித்தனர். ஓர் இடத்தில்கூட வேறுபாடு தென்படவில்லை. அரை நூற்றாண்டாக இந்த முடிவை இரு தரப்பாரும் தத்தம் வழக்குக்குச் சாட்சியாக அழைத்துவருகின்றனர். மரபு வளத்தை இவ்வளவு இழந்த இனம் அடுத்த கொள்ளைநோய்க்குத் தாங்காது என்கிறது ஒரு தரப்பு. இவ்வளவு இழந்தும் லட்சக்கணக்கில் பெருகியிருக்கிறதே, மரபு வளம் அப்படியொன்றும் முக்கியமில்லை என்கிறது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் வாதம். இனத்தொகை திடீரெனச் சுருங்கும் கட்டத்தைப் புட்டிக்கழுத்து என்கிறோம்; அதன் தீங்கைக் குறுகலை மட்டும் வைத்து அளக்க முடியாது. எவ்வளவு காலம் குறுகியிருந்தது, குறுகுவதற்கு முன் அந்த இனம் எப்படி வாழ்ந்திருந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், தலைகளின் எண்ணிக்கை ஏறியதை மீட்சியின் சான்றாக எடுத்துக்கொள்ளும் இன்றைய நிர்வாக வழக்கம் பல இடங்களில் தவறான நேரத்தில் தவறான முடிவைத் தருகிறது.

முதலில் கணக்கு. பத்து விலங்குகள் மட்டுமே எஞ்சி, அவை தற்செயலாக இணைசேர்கின்றன என்று கொள்வோம். தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் வேறுபட்டிருக்கும் நிலையை ஹெட்டிரோசைகஸ் நிலை என்கிறோம். ஒரு தலைமுறையில் இதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு குறைகிறது. 95 விழுக்காடு தங்கிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால், மூல இனக்கூட்டத்தில் 1 விழுக்காடு அளவில் மட்டும் இருந்த ஓர் அரிய அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) அந்தப் பத்து விலங்குகளின் இருபது பிரதிகளில் இடம்பெறாமலே போவதற்கான வாய்ப்பு 82 விழுக்காடு. 5 விழுக்காடு அளவில் இருந்ததற்கே 36 விழுக்காடு. அரியவை முதல் அடியிலேயே போய்விடுகின்றன. சராசரிகளை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நோய் எதிர்ப்புக்கான எம்.எச்.சி. மரபணுக்களில் பயனுள்ள வகைகள் பல, இப்படி அரியவையாக இருப்பவையே.

இதே பத்து விலங்குகள் பத்துத் தலைமுறைகள் பத்தாகவே நீடித்தால் ஹெட்டிரோசைகஸ் நிலையில் எஞ்சுவது 60 விழுக்காடு. மசதோஷி நெய்யும் அவருடன் பணியாற்றிய மருயாமா, சக்ரவர்த்தி ஆகியோரும் 1975-இல் காட்டியது இதைத்தான்: குறுகலின் அளவைவிட, குறுகலிலிருந்து எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதே சராசரி வளத்தின் இழப்பைத் தீர்மானிக்கிறது. நேபாளத்தின் சித்வன் காண்டாமிருகங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலேரியா ஒழிப்புக்குப்பின் தெராய்ச் சமவெளியில் குடியேற்றம் பெருகியதால் 1960-களில் அவை நூற்றுக்கும் கீழே சரிந்தன. ஆனால் 1990-இல் டினர்ஸ்டைனும் மெக்கிராக்கனும் வெளியிட்ட ஆய்வில் அவற்றின் ஹெட்டிரோசைகஸ் அளவு, முதுகெலும்பிகளில் அதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்தவற்றின் வரிசையில் இருந்தது. கங்கைச் சமவெளி நெடுகிலும் பரவியிருந்த பெரிய இனக்கூட்டத்தின் எச்சம் அது. காண்டாமிருகத்தின் தலைமுறைக் காலம் நீளமானது. சரிவும் அண்மையில் நடந்தது. இடையில் கழிந்த தலைமுறைகள் மிகச் சிலவே.

யானைச் சீல் நேர் எதிர்நிலை. கரையில் ஒரு சில ஆண்களே பெரும்பாலான பெண்களுடன் இணைசேரும். எஞ்சியவை இருபதோ முப்பதோ என்றால், அடுத்த தலைமுறைக்கு மரபணு தந்த ஆண்கள் ஓரிருவராகவும் இருந்திருக்கலாம். கள ஊழியர் எண்ணும் தலைக்கும் மரபியலர் கணக்கிடும் செயலுறு இனத்தொகைக்கும் (அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபு தருவோரை வைத்துக் கணிக்கும் எண்ணுக்கும்) இடையே எப்போதும் பெரிய இடைவெளி உண்டு. காட்டு விலங்குகளில் பின்னது முன்னதில் பத்தில் ஒரு பங்கு என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் தோராய அளவு.

இதுவரை சொன்னது வளத்தின் இழப்பு. ஆனால் விலங்குகள் சாவது வளம் குறைந்ததால் மட்டுமல்ல, சுமை வெளிப்படுவதாலும்தான். பெரிய இனக்கூட்டம் ஒவ்வொன்றிலும் தீங்கான சடுதி மாற்றங்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மையுடையவை. நல்ல பிரதி ஒன்று துணையிருக்கும்வரை அவற்றால் கேடில்லை; இயற்கைத் தேர்வின் கண்ணிலும் அவை படுவதில்லை. உறவுடைய விலங்குகள் தமக்குள் இணையும்போது அதே கெட்ட பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர்கிறது, மறைந்திருந்த சுமை வெளிப்படுகிறது. இதுவே உட்கலப்பு நலிவு. இதில் ஒரு முரண் இருக்கிறது. நெடுங்காலம் பெரிதாக வாழ்ந்து, திடீரெனச் சுருங்கிய இனத்துக்கே இந்த ஆபத்து அதிகம். நெடுங்காலமாகச் சிறிதாகவே வாழ்ந்த இனத்தில் கொடிய ஒடுங்கு மாற்றங்கள் அவ்வப்போது இணைப்பிரதிகளாகச் சேர்ந்து வெளிப்பட்டு, தேர்வில் அடிபட்டுப் போயிருக்கும்.

இதைக் கண்முன் காட்டியது ஐல் ராயல். சுப்பீரியர் ஏரியில் உள்ள இந்தத் தீவுக்கு 1940-களின் பிற்பகுதியில் உறைந்த ஏரியைக் கடந்து மிகச் சில ஓநாய்கள் வந்து சேர்ந்தன. அந்தப் பரம்பரைதான் தீவு முழுவதும் பெருகி 1980-இல் ஐம்பதை எட்டியது. நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் இரண்டே ஆண்டுகளில் அதை 14 ஆக்கியது. பிறகு இரை மிகுதியாக இருந்தும் எண்ணிக்கை எழவில்லை. எலும்புகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள் முதுகெலும்புக் குறைபாடுகள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டனர். 1997-இல் கனடாப் பக்கமிருந்து ஓர் ஆண் ஓநாய் பனிப்பாலம் கடந்து வந்தது. ஆய்வாளர்கள் அதற்குக் ‘கிழட்டுச் சாம்பலன்’ என்ற பொருளில் பெயரிட்டனர். உடல்வலுவில் உள்ளூர் ஆண்களை மிஞ்சிய அது எல்லையைப் பிடித்தது. சில தலைமுறைகளில் தீவின் ஓநாய் மரபணுக்களில் பாதிக்கு மேல் அதனிடமிருந்து வந்தவையாயின.

மரபு மீட்பு என்று பாடநூல்கள் கொண்டாடுவது இதைத்தான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஒரே ஆணின் சந்ததி தீவை நிரப்பியதால், மகளும் தந்தையும் உடன்பிறப்புகளும் இணையும் நிலை வந்தது. அதன் முன்னோர் வாழ்ந்தது பெருநிலத்தின் பெரிய கூட்டத்தில். எனவே அது கொண்டுவந்தவற்றில் புது வளமும் இருந்தது, மறைந்த சுமையும் இருந்தது. 2018-இல் எஞ்சியவை இரண்டு ஓநாய்கள்: ஒரு தந்தையும் அதன் மகளும், ஒரே தாய்க்குப் பிறந்தவையும்கூட. ஜாக்குலின் ராபின்சன் குழு 2019-இல் இந்த ஓநாய்களின் முழு மரபணுத்தொகுதியையும் படித்தபோது, வேறுபாடே இல்லாத நீண்ட பகுதிகள் குரோமோசோம்களில் தொடர்ச்சியாகக் கிடந்தன. மொத்த வளத்தின் அளவில் இவற்றைவிட ஏழைகளான திபெத்திய, எத்தியோப்பிய ஓநாய்கள் இப்படிப்பட்ட குறைபாடுகளால் சாகவில்லை. கலிஃபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவு நரியோ, மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியில் வேறுபாடே இன்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து வந்திருக்கிறது. ஐல் ராயலின் ஓநாய்களைக் கொன்றது வளக்குறைவு என்பதைவிட, பெரிய வீட்டுச் சுமை சிறிய வீட்டில் இறங்கியது என்பதே சரி. பின்னர் 2018, 2019 ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களிலிருந்து 19 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. ஒரே ஆணை நம்பியதன் பாடம் அந்தப் பல்வகைத் தேர்விலேயே தெரிகிறது.

இந்த வழியில் சிந்தித்தவர்களுக்குப் பெரும் ஊக்கம் தந்தது வகீட்டா. கலிஃபோர்னிய வளைகுடாவின் வட மூலையில் மட்டும் வாழும் இந்தச் சிறு கடற்பன்றி, டொடோவாபா மீனுக்காக விரிக்கப்படும் செவுள்வலைகளில் சிக்கிப் பத்து அளவுக்குக் குறைந்துவிட்டது. 2022-இல் ராபின்சனும் கிறிஸ்டோபர் கிரியாஸிஸும் முன்னணியில் நின்ற குழு, அது லட்சக்கணக்கான ஆண்டுகளாகவே சில ஆயிரங்களாக வாழ்ந்ததையும், அதனால் கொடிய மாற்றங்கள் அதில் குறைவு என்பதையும் காட்டியது. வலைச்சாவு உடனே நின்றால் பத்து விலங்குகளிலிருந்தும் அது மீளக்கூடும் என்பதே அவர்கள் முடிவு. மெக்சிகோவில் வலைத் தடையை அமல்படுத்தத் தயங்குவோருக்கு ‘எப்படியும் மரபணு ரீதியாக முடிந்த கதை’ என்ற சாக்கு இதன்மூலம் பறிபோனது. இது மிக நல்ல காரியம்.

சிக்கல், இந்த முடிவைப் பொதுவிதி ஆக்கும்போது தொடங்குகிறது. 2021-இல் டெய்ஷெய்ராவும் ஹூபரும், நடுநிலை மரபு வளத்துக்கு (நன்மையோ தீமையோ செய்யாத வேறுபாடுகளுக்கு) பாதுகாப்பியல் மிகையான மதிப்பளிக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் மார்ட்டி கார்டோஸும் பலரும் சேர்ந்து மறுத்தனர். இந்த வாதத்தில் நான் கார்டோஸ் பக்கம். காரணம் இரண்டு.

முதற்காரணம், தீங்கான மாற்றங்கள் வெளிப்பட்டுத் தேர்வில் அடிபட்டுப் போகும் இந்த மரபுக் களையெடுப்பு கொடிய களைகளை மட்டுமே எடுக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ் ஆட்டைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கிரான் பாரடிசோ மலைகளில் ஏறத்தாழ நூறு மட்டும் எஞ்சியிருந்தன. இரண்டாம் விக்தர் இம்மானுவேல் மன்னர் தம் வேட்டைக்காகவே அந்த மலையை ஒதுக்கி வைத்ததால் இனம் பிழைத்தது. பின்வந்த இத்தாலிய அரசர் விற்க மறுத்ததால் சுவிஸ் நாட்டார் 1906-இல் குட்டிகளைக் கடத்திக்கொண்டுபோய் வளர்த்து, 1911 முதல் தம் மலைகளில் விட்டனர். இன்று ஆல்ப்ஸ் முழுவதும் ஏறத்தாழ ஐம்பதாயிரம். 2020-இல் கிறிஸ்டின் குரோஸன் குழு அவற்றின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மிகக் கொடிய மாற்றங்கள் உண்மையில் குறைந்திருந்தன. மிதமான தீங்குள்ள மாற்றங்களோ மாறாகக் கூடியிருந்தன. சிறிய கூட்டத்தில் தற்செயல் நகர்வு, அதாவது அல்லீல்களின் அளவு தற்செயலாகவே ஏறி இறங்குவது, தேர்வைவிட வலியது. அரை விழுக்காடு அளவு கேடு செய்யும் ஒரு மாற்றத்தைத் தேர்வால் கவனிக்கவே முடிவதில்லை, அது நிலைபெற்றுவிடுகிறது. நிலைபெற்றது இனத்தில் ஒவ்வோர் உயிரிடமும் இருக்கும். ஆகவே உறவு, அயல் என்ற ஒப்பீட்டில் அது நலிவாகத் தெரிவதுமில்லை. உட்கலப்பு நலிவு காணப்படவில்லை என்ற ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது. எல்லாரும் சமமாக நொண்டினால் யாரும் நொண்டுவதாகத் தெரியாது. இன்னொரு செய்தி: அந்த ஐபெக்ஸின் ஒரு முக்கிய எம்.எச்.சி. மரபணுவில் இன்றுள்ள இரு அல்லீல்களில் ஒன்று வீட்டு ஆட்டிடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரியவந்தது. இழந்ததை இனம் அயலாரிடம் வாங்கியிருக்கிறது.

நியூசிலாந்தின் ககாபோ கிளியும் இதையே சொல்கிறது. 1995-இல் 51 பறவைகளே இருந்தன. அவற்றில் ஃபியோர்ட்லாந்தில் பிடிபட்ட ரிச்சர்ட் ஹென்றி என்ற ஆணைத் தவிர மற்றவை ஸ்டூவர்ட் தீவிலிருந்து வந்தவை அல்லது அவற்றின் வழித்தோன்றல்கள். ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் தனித்திருந்த தீவுப் பறவைகளில் தீங்கான மாற்றங்கள், அற்றுப்போன பெருநிலப் பறவைகளைவிடக் குறைவு என்று 2021-இல் நிக்கோலா டுசெக்ஸ் குழு கண்டது. களையெடுப்பு நடந்திருக்கிறது; ஐயமில்லை. ஆனால் ககாபோ முட்டைகளில் கணிசமான பங்கு இன்றும் பொரிப்பதில்லை.

இரண்டாம் காரணம் தர்க்கத்தைச் சார்ந்தது. புட்டிக்கழுத்தைக் கடந்து பெருகிய இனங்களைத்தான் நாம் ஆய்வு செய்கிறோம். கடக்காதவை ஆய்வகத்துக்கு வருவதில்லை. யானைச் சீலையும் ஐபெக்ஸையும் முன்வைத்து ‘களையெடுப்பு காப்பாற்றும்’ என்பது, கரையேறியவர்களை மட்டும் விசாரித்து ஆறு ஆழமில்லை என்று சொல்வது போன்றது. மூழ்கியவற்றுள் ஒன்றுக்குக் குறிப்பு நன்றாகவே இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹீத் கோழி 1870 வாக்கில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மட்டும் எஞ்சியது. 1908-இல் காப்பிடம் அமைந்தபோது சில பத்துகள்; 1916 வாக்கில் இரண்டாயிரம் வரை ஏறின. அன்றைய தலைக்கணக்கின்படி இது முழு வெற்றி. அந்த ஆண்டு ஒரு தீ, பிறகு கடும் பனிக்காலம், வல்லூறுகள், வீட்டுக்கோழிகளிடமிருந்து வந்த நோய். 1932 மார்ச்சில் கடைசிப் பறவையைப் பார்த்தார்கள். மரபுதான் கொன்றது என்று இதில் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது மடங்கு பெருகியும் அந்த இனத்துக்கு ஒரு கெட்ட ஆண்டைத் தாங்கும் வலு வரவில்லை.

அதன் நெருங்கிய உறவான பிரெய்ரிக் கோழியில் மரபின் பங்கைப் பிரித்தெடுக்க முடிந்தது. இல்லினாய் மாநிலத்தில் 1962-இல் இரண்டாயிரம் அளவில் இருந்தவை 1994-இல் ஐம்பதுக்கும் கீழே போயின. புல்வெளியைக் காத்தும் பயனில்லை. முட்டை பொரிக்கும் விகிதம் ஆண்டுக்காண்டு சரிந்தது. பழைய அருங்காட்சியக மாதிரிகளுடன் ஒப்பிட்டபோது, முன்னிருந்த அல்லீல்கள் பல மறைந்திருந்தன. 1992 முதல் மின்னசோட்டா, கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டதும் பொரிப்பு விகிதம் பழைய நிலைக்குத் திரும்பியது. இடம் சிறிதாகவே இருந்ததால் பின்னர் மீண்டும் சரிந்தது. மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபுளோரிடா பூமாவில் விளைவு இன்னும் தெளிவு. 1990-களின் தொடக்கத்தில் முப்பதுக்கும் குறைவாக இருந்தவற்றில் வளைந்த வால், இறங்காத விரை, இதய அறைச் சுவரில் துளை எனக் குறைபாடுகள் மலிந்திருந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டனர், ஐந்து ஈன்றன. பதினைந்து ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை மும்மடங்கானது. உள்ளூர்த் தூய்மை கெடும் என்று அப்போது எதிர்ப்பு எழுந்தது. ஒரு காலத்தில் இரு மாநிலங்களுக்கிடையே பூமாக்கள் இயல்பாகவே கலந்திருந்தன என்பதால் அந்த எதிர்ப்பில் சாரமில்லை.

என் தரப்பாரின் மிகையையும் சொல்ல வேண்டும். சிவிங்கிப்புலியில் ஸ்டீபன் ஓ’பிரையன் குழு 1980-களில் செய்த பணி இத்துறையையே உருவாக்கியது. உறவில்லாத விலங்குகளுக்கிடையே ஒட்டிய தோலைக்கூட உடல் ஏற்றுக்கொண்டது. விலங்குக்காட்சிச் சாலைகளில் அவை சரியாக ஈனாததையும் குட்டிகள் இறப்பதையும் மரபின் தலையில் போட்டார்கள். ஆனால் செரெங்கெட்டியில் கேரன் லாரன்சன் கண்டது வேறு. இருபதில் ஒரு குட்டிதான் தனித்து வாழும் பருவத்தை எட்டியது. பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். வளர்ப்பு முறை திருந்திய இடங்களில் காட்சிச் சாலைகளிலும் அவை ஈன்றன. மரபு வளம் குறைந்திருப்பதும் உண்மை, கண்ட சாவுகளுக்கு அது காரணமன்று என்பதும் உண்மை. யானைச் சீலில் 2024-இல் ஒரே ஆய்விதழில் வெளிவந்த இரு ஆய்வுகள் இதே இழுபறியைக் காட்டுகின்றன. இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கக்கூடிய சேதங்களை ஒன்று சுட்டுகிறது. மற்றொன்று, கரை ஒதுங்கிய சீல்களின் கொழுப்புப் படலத்திலோ நோயிலோ உட்கலப்பின் தடத்தைக் காணவில்லை.

ஆயினும் நிர்வாகத்தில் நடக்கும் தவறு எதிர்த்திசையில் இருக்கிறது. மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்தே இருந்தது. கூண்டில் வளர்த்தும், அயல் எலி பூனைகளை ஒழித்தும், உணவு வைத்தும் ஐந்நூறை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். இதைச் செய்தவர்களின் உழைப்பு அரிது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியலில் அதன் ஆபத்து நிலை ஒரு படி கீழிறக்கப்பட்டது. அந்தப் பட்டியலின் அளவுகோல்கள் எண்ணிக்கை, பரப்பு, சரிவு வேகம் ஆகியவற்றையே பார்க்கின்றன. மரபு வளத்துக்கு அங்கே தனி இடமில்லை. 2022-இல் ஹேசல் ஜாக்சன் முதலானோர் வெளியிட்ட மரபணுத்தொகுதி ஆய்வு, எண்ணிக்கை ஏறிய அதே ஆண்டுகளில் வளம் தொடர்ந்து தேய்ந்ததைக் காட்டியது. வெளிநாட்டுக் காட்சிச் சாலைகளில் வளரும் புறாக்களின் மரபைச் சேர்க்காவிட்டால் ஒரு நூற்றாண்டுக்குள் இனம் அழியக்கூடும் என்பது அவர்களின் கணிப்பு. புட்டிக்கழுத்தின் விளைவு உடனே தீர்வதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறகே வந்து சேர்கிறது. எண்ணிக்கை நன்றாக இருக்கும் ஆண்டுகள்தான் மரபு மீட்புக்கு மலிவான, ஆபத்தற்ற ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் கோப்பு மூடப்படுகிறது.

தற்செயல் நகர்வின் வேகத்தை இந்தியாவில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வரிகள் அகன்று கலந்து கறுத்துத் தோன்றும் புலிகள் உள்ளன. உமா ராமகிருஷ்ணன் குழு 2021-இல் இதற்குக் காரணமான டாக்பெப் மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தது. சிமிலிபாலில் அந்த அல்லீலின் அளவு 58 விழுக்காடு. நாட்டின் பிற காட்டுப் புலிகளில் எங்குமே இல்லை. சென்னை வண்டலூர்ப் பூங்காவில் உள்ள கறுப்புச் சாயல் புலிகளும் இந்த ஆய்வில் இடம்பெற்றன. சுற்றுலா விளம்பரங்கள் கொண்டாடும் இந்தக் கறுப்பு, துண்டுபட்ட சிறு கூட்டத்தில் தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதன் அளவுமானி. வரியில் தெரிந்தது நமக்குத் தெரிகிறது. அதே வேகத்தில் கல்லீரலிலோ விந்தணுவிலோ ஒன்று ஏறியிருந்தால் தெரியாது.

குஜராத்தின் கிர் சிங்கத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டுதான் இருந்தன என்ற பிரபலமான எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வேட்டைக்கு அனுமதி கேட்டு வரும் வெள்ளைக்கார அதிகாரிகளைத் தவிர்க்க ஜூனாகத் அரண்மனை குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று வரலாற்றாளர் கருதுகின்றனர். 1968 கணக்கெடுப்பில் 177, 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891. பெரும் சாதனை. 1987-இல் டேவிட் வில்ட், ஓ’பிரையன் முதலானோர் ஆராய்ந்த கிர் வழிச் சிங்கங்களின் விந்தணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உருக்குலைந்திருந்தன. செரெங்கெட்டிச் சிங்கங்களில் அது நான்கில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் பெருகின. இங்கேயும் இரு தரப்புக்கும் சாட்சி தயார்.

2018-இல் தால்கானியா வனச்சரகத்தில் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்க்கொள்ளை வைரஸ் உறுதியானது. மரபுக் குறைவால் இறந்தன என்று சிலர் எழுதினர், அதற்கு ஆதாரமில்லை. அதே வைரஸ் 1994-இல் வளம் மிக்க செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. வேறுபாடு பிறகு நடப்பதில்தான். செரெங்கெட்டியைச் சுற்றிச் சிங்கங்கள் உண்டு. கிர்ருக்கு வெளியே உலகில் வேறு காட்டு ஆசியச் சிங்கக் கூட்டம் இல்லை.

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்பச் சொன்னது. குனோவுக்கு 2022-இலும் 2023-இலும் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் வந்தன, சிங்கம் போகவில்லை. குஜராத்துக்குள்ளேயே பர்தா மலையில் இரண்டாம் இருப்பிடம் உருவாகி வருவதை அரசு பதிலாகக் காட்டுகிறது. இந்த விவாதத்தில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. இரண்டாம் வீடு கொள்ளைநோய்க்கும் தீக்கும் எதிரான காப்பீடு. அந்த வகையில் தொலைவில் உள்ள குனோ, அருகிலுள்ள பர்தாவைவிட மேல். ஆனால் குனோவும் பர்தாவும் மரபு மீட்பு ஆகா. ஒரே கூட்டத்திலிருந்து சில விலங்குகளைப் பிரித்து வைத்தால் வளம் கூடுவதில்லை. இரு கூட்டங்களுக்குமிடையே அவ்வப்போது விலங்குகளை மாற்றாவிட்டால், புதிய சிறு கூட்டத்தில் நகர்வு வேகமடையும். ஆகவே இடமாற்றத் திட்டத்தில் எத்தனை சிங்கம் என்பதுடன், எந்தெந்தக் குடும்பத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கொருமுறை பரிமாற்றம் என்பதும் எழுதப்பட வேண்டும்.

உண்மையான மரபு மீட்புக்கு வெளி மரபு வேண்டும். 2017-இல் ஐ.யூ.சி.என். பூனைக் குடும்ப வல்லுநர் குழு ஆசியச் சிங்கத்தையும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சிங்கங்களையும் ஒரே துணையினத்தில் சேர்த்தது. அதனால் ‘தூய இரத்தம்’ என்ற வாதம் பழைய வலுவை இழந்திருக்கிறது. இருந்தாலும், நாளையே ஆப்பிரிக்கச் சிங்கத்தைக் கிர்ரில் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியக் காட்சிச் சாலைகளில் முன்பு கணக்கின்றிக் கலந்த சிங்கங்களால் ஏற்பட்ட தலைவலியை வனத்துறையினர் இன்னும் மறக்கவில்லை; பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் கைவைக்கச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் திரட்டுவதே இப்போதைய வேலை: பெற்றோரின் உறவு நெருக்கத்தோடு குட்டிகளின் பிழைப்பைப் பொருத்திப் பார்க்கும் நீண்டகாலப் பதிவு, காட்டு ஆண்களின் விந்தணு நிலை, கிர்ரின் வெவ்வேறு பகுதிகளில் நிலைபெற்றுவிட்ட தீங்கான மாற்றங்களின் பட்டியல். 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டின் தலைமைக் குறியீடுகளில் ஒன்று, செயலுறு இனத்தொகை 500-ஐத் தாண்டிய இனக்கூட்டங்களின் விகிதம். அந்த உடன்பாட்டை இந்தியாவும் ஏற்றுள்ளது. 891 என்ற தலைக்கணக்குக்குப் பக்கத்தில் அந்த இரண்டாம் எண்ணையும் அரசு வெளியிடுவதற்குத் தடையேதும் இல்லை.

இழந்த மரபு சேமித்த செல்களிலிருந்தும் திரும்பலாம். அமெரிக்காவின் கருங்கால் ஃபெர்ரட் ஏழு விலங்குகளின் சந்ததி. 2020 டிசம்பரில் பிறந்த எலிசபெத் ஆன், அந்த ஏழில் சேராத, இன்று வாழும் சந்ததி இல்லாத வில்லா என்ற பெண்ணின் நகல். வில்லாவின் செல்களை 1988-இல் யாரோ உறையவைத்திருந்தார்கள். இன்றுள்ள ஃபெர்ரட்களில் இல்லாத வேறுபாடுகள் அந்தச் செல்களில் இருந்தன. 2024-இல் வில்லாவின் மற்றொரு நகலான அன்டோனியா குட்டிகளை ஈன்றது. நகலாக்கம் எல்லா இனங்களுக்கும் வழியாகாது; செலவும் மிகுதி. ஆனால் திசுவைச் சேமிப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அதற்கான வங்கி ஐதராபாத்தில் செல்லுயிரியல், மூலக்கூற்றுயிரியல் மையத்தின் கீழ் ஏற்கெனவே இயங்குகிறது. கிர்ரில் கிணற்றில் விழுந்தும், இரயிலில் அடிபட்டும், முதுமையாலும் ஆண்டுதோறும் சிங்கங்கள் இறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிணப் பரிசோதனை நடக்கிறது. அந்த மேசையிலிருந்து ஒரு துண்டுத் திசு, இடமும் வயதும் குறிக்கப்பட்டு, அந்த வங்கிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை விதியாக்கலாம்.